கருப்பை வாய்ப் புற்றுநோய்: நோவு தெரியும் முன்னே சோதித்துப் பாருங்கள்



ரப்பர் மரத்துக்கு வருகிற வெள்ளை வேர் நோயைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலை மஞ்சளாகி, உச்சி மெலிந்து, நோய் கண்ணுக்குத் தெரிகிற நாளில் வேர் பெரும்பாலும் அழுகித் தீர்ந்திருக்கும். அதனால்தான் பச்சைப்பசேல் என்று நிற்கிற மரத்துக்கும் அடிமண்ணைப் பறித்துக் கழுத்தைப் பார்க்கிற வழக்கம் தோட்டங்களில் இருந்தது. செம்பனையிலும் அப்படித்தான். அடித்தண்டில் காளான் முளைத்த பிறகு அந்த மரத்தைக் காப்பாற்றுவது கடினம்.

பெண்ணின் கருப்பைக்கும் ஒரு கழுத்து இருக்கிறது. கருப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் வந்து முடிகிற இடம் அது. அதைக் கருப்பை வாய் என்றும் சொல்வார்கள். அங்கே வருகிற புற்றுநோயும் வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வளர்கிற நோய்தான்.

“எனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே, நான் எதுக்குக் கிளினிக்குக்குப் போகணும்?” என்று கேட்கிற அக்காமார்களுக்காகவே இந்தக் கட்டுரை. நோவு இல்லாதபோது போவதற்குத்தான் இந்தச் சோதனை ஏற்பட்டிருக்கிறது.

நோய் எங்கிருந்து வருகிறது?

பெரியவர்கள் பலர் இதை உடம்புச் சூடு என்பார்கள். இளநீர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி, சரியாகிவிடும் என்பார்கள். வேறு சிலர் விதி என்றும் பாவம் என்றும் சொல்லிவிடுவார்கள். இந்த நோய்க்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

இதற்குக் காரணம் ஒரு கிருமி. அதன் பெயர் எச்.பி.வி. ஜெர்மன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசனும் அவருடைய குழுவினரும் 1983-லும் 1984-லும் கருப்பை வாய்ப் புற்றுக் கட்டிகளில் இந்தக் கிருமியின் 16-ஆம், 18-ஆம் வகைகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய 14 வகைகளே புற்றுநோய்க்கு வழி செய்பவை. அதிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே 100-க்கு 70 கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம்.

இந்தக் கிருமி உடலுறவின் மூலம் தொற்றுகிறது. இதைப் படித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். உடலுறவு கொள்கிற ஆண், பெண் அனைவரிலும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது தொற்றவே செய்யும். ஒழுக்கமான குடும்பம், ஒழுக்கமில்லாத குடும்பம் என்று பார்த்து அது வருவதில்லை. தடுமன் காய்ச்சலைப் போல இதுவும் மனிதர்களோடு மனிதர்களாக இருந்துவருகிற ஒரு கிருமி.

தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். அவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருடைய உடம்பில் மட்டும் அது போகாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய கிருமி கருப்பை வாயிலுள்ள உயிரணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து, கடைசியில் புற்றுநோயாக மாற்றுகிறது. புகைபிடிப்பவர்களுக்கும், எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

இப்படி மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்த நோய் நமக்குக் கொடுக்கிற அவகாசம் அவ்வளவு நீளமானது. அந்த அவகாசத்துக்குள் ஒரு தடவை பார்த்தாலும் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. கண்டுபிடித்தால் புற்றுநோய் ஆகுமுன்னே நிறுத்திவிடலாம். அப்படியிருந்தும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 6 லட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்ந்தவர்கள், சோதனை எட்டாத பெண்கள்.

சோதனை என்றால் என்ன செய்வார்கள்?

இரண்டு வகைச் சோதனைகள் உண்டு.

முதலாவது பாப் ஸ்மியர். கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த டாக்டர் பாப்பனிக்கலாவ் என்பவர் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர். நம் நாட்டில் இது 1969 முதல் நடந்துவருகிறது. உங்களைப் படுக்கவைத்து, ஒரு சிறு கருவியால் பாதையை விரித்து, டாக்டரோ மிஸியோ கருப்பை வாயிலிருந்து மெல்லத் தடவி எடுப்பார்கள். அதைப் பெரிதுபடுத்திப் பார்த்து, உயிரணுக்கள் கெட்டிருக்கின்றனவா என்று சொல்வார்கள்.

இரண்டாவது எச்.பி.வி. சோதனை. இது உயிரணு கெட்டுப்போகும் வரை காத்திருப்பதில்லை. கெடுக்கிற கிருமி இருக்கிறதா என்றே பார்க்கிறது. அதனால் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நம் சுகாதார அமைச்சு 2019 முதல் இதைப் படிப்படியாக அரசாங்கக் கிளினிக்குகளுக்குக் கொண்டுவந்தது. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு இது உரியது. கிருமி இல்லை என்று வந்துவிட்டால் அடுத்த சோதனை 5 ஆண்டு கழித்துத்தான். பாப் ஸ்மியர் என்றால் முதல் இரண்டு ஆண்டும் வருடத்துக்கு ஒரு முறை, நன்றாக இருந்தால் பிறகு 3 ஆண்டுக்கு ஒரு முறை.

இந்தப் புதிய சோதனையில் நம் பெண்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. “ஆம்பளை டாக்டர் இருப்பாரே, அவர் முன்னாடி எப்படிப் படுக்கறது?” என்கிற கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை. மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றும் சேர்ந்து 2018-இல் நம் நாட்டில் தொடங்கிய “ரோஸ்” திட்டம் இந்த முறையில்தான் நடந்தது. பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். முடிவு கைத்தொலைபேசிக்கு வந்தது.

எடுப்பது கடினமில்லை. காது குடைகிற பஞ்சுக் குச்சியைப் போல, அதைவிட நீளமான ஒரு குச்சி கொடுப்பார்கள். மறைவான அறைக்கோ கழிப்பறைக்கோ போய், கைகழுவிவிட்டு, குச்சியின் மென்மையான பக்கத்தை இரண்டு அங்குல அளவுக்கு உள்ளே செலுத்தி, மிஸி சொன்ன நேரம் வரை மெல்லச் சுழற்றி, வெளியே எடுத்துக் குழாயில் போட்டு மூடிக் கொடுத்துவிட வேண்டும். கருப்பை வாயைத் தொட வேண்டும் என்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மிஸி ஒரு தடவை காட்டினால் செய்துவிடலாம். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கிளினிக்கில் இரண்டில் எது செய்கிறார்கள் என்று மிஸியிடம் கேளுங்கள். பாப் ஸ்மியர்தான் உண்டு என்றால் அதையே செய்துகொள்ளுங்கள். புதியது வரட்டும் என்று நாளைத் தள்ள வேண்டாம்.

நம்மைப் போன்ற பெண்களிடம் இது பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை, பயிற்சி பெற்ற நர்சுகளே ‘சுக்கா’ போன்ற புளிப்பு நீரைக் கருப்பை வாயில் தடவிச் சோதித்தார்கள். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். அது தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். 7 ஆண்டில், சோதனை நடந்த கிராமங்களில் இந்த நோயால் ஏற்பட்ட மரணம் மற்றக் கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைந்தது.

மகாராஷ்டிர மாநிலத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களைக் கொண்டு இன்னோர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2009-இல் வெளிவந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்துகொண்ட பெண்களிடையே இந்த நோயின் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அவர்களும் வெயிலில் நின்று உழைத்த ஏழைப் பெண்கள்தான். மாடமாளிகையில் இருந்தவர்கள் அல்லர்.

முடிவு எப்படி வரும்?

“கிருமி இல்லை” என்று வந்தால் நிம்மதியாக இருங்கள். அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

“கிருமி இருக்கிறது” என்று வந்தால்? இங்கேதான் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். கடிதத்தை மடித்துச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அழுகிறார்கள். அம்மா, கிருமி இருக்கிறது என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று பொருள் அல்ல. நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பதே பொருள். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை.

16-ஆம், 18-ஆம் வகையாக இருந்தால் வழக்கமாக நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். மற்ற வகையாக இருந்தால் முதலில் ஒரு பாப் ஸ்மியர் எடுப்பார்கள். அது நன்றாக இருந்தால் ஓராண்டு கழித்து மறுபடி சோதிப்பார்கள்.

கெட்டுப்போன உயிரணுக்கள் இருந்தால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ, மின்சாரக் கம்பி வளையத்தால் சீவியோ எடுத்துவிடலாம். தேவைப்பட்டால் மரத்துப்போகிற ஊசி போட்டுச் செய்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. பிறகும் பிள்ளை பெற்றுக்கொள்ள முடியும். இதையே பத்து ஆண்டு விட்டுவைத்தால் பெரிய ஆப்பரேஷன், கதிர்வீச்சு, மருந்து என்று போய்விடும்.

ஆகவே சோதனை பாதி வேலைதான். கூப்பிட்ட தேதியில் திரும்பப் போவது மீதிப் பாதி. அதைச் செய்யாதவர்களுக்குச் சோதனையால் பயன் இல்லை.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பகுதியை ஆண்கள் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் படித்துக் காட்டுங்கள்.

மனைவிக்குக் கிருமி இருக்கிறது என்று தெரிந்ததும், “உனக்கு எப்படி வந்துச்சு? யாரால வந்துச்சு?” என்று கேட்டுச் சண்டை பிடிப்பது அறியாமை. இந்தக் கிருமி பல ஆண்டுகள், சில சமயம் பத்து இருபது ஆண்டுகள்கூட, எந்த அடையாளமும் காட்டாமல் உடம்பில் அடங்கிக் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஆண்களின் உடம்பிலும் அது அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். ஆகவே இந்த முடிவு மனைவி தவறினாள் என்பதற்கும் சாட்சி அல்ல, கணவன் தவறினான் என்பதற்கும் சாட்சி அல்ல. மனைவியும் இதை வைத்துக் கணவனைச் சந்தேகிக்க வேண்டாம்.

இந்தப் பயம் ஒன்றுக்காகவே சோதனைக்குப் போகாத பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் அடி விழுமே, லயத்தில் பேச்சு வருமே என்று தயங்கித் தயங்கி உயிரை விடுவதா? நல்ல கணவன் செய்ய வேண்டியது இதுதான்: மோட்டார் சைக்கிளை எடுத்து, மனைவியைக் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டு, அவள் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது.

சகோதரிகள் சொல்லும் காரணங்கள்

“எனக்கு வயசாயிடுச்சு, தீட்டும் நின்னு போச்சு.” தீட்டு நின்றாலும் கருப்பை வாய் அங்கேதான் இருக்கிறது. இளவயதில் தொற்றிய கிருமி வேலையைக் காட்டுவது பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான். 65 வயது வரை சோதிக்க வேண்டும்.

“வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷமாச்சு.” கணவன் இறந்துவிட்டாலும் முன்பே தொற்றிய கிருமி தங்கியிருக்கலாம். தனியாக வாழ்கிற தாய்மார்களை யாரும் சோதனைக்குக் கூப்பிடுவதில்லை. அவர்களைத்தான் முதலில் கூட்டிப்போக வேண்டும்.

“பிள்ளை வேணாம்னு ஆப்பரேஷன் பண்ணிட்டேன்.” அந்த ஆப்பரேஷனில் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சோதனை அவசியம். கருப்பையையே எடுத்துவிட்டவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

“எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது.” இது தொற்றினால் வருகிற நோய். வம்சத்தைப் பார்த்து வருவதில்லை.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம்

உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், தீட்டுக்கும் தீட்டுக்கும் இடையில் இரத்தம் வருதல், தீட்டு நின்றுபோன பிறகு மறுபடி இரத்தம் காணுதல், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ விடாத வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். “முகாம் வரட்டும், அப்போ பார்த்துக்கலாம்” என்று இருக்கக் கூடாது. குச்சியில் நீங்களே எடுத்துக் கொடுக்கிற சோதனையும் இதற்குப் போதாது. டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். எல்லா இரத்தப்போக்கும் புற்றுநோய் அல்ல. ஆனால் எது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

மகள்களுக்குத் தடுப்பூசி

இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. நம் அரசாங்கம் 2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, அதாவது படிவம் 1 மாணவிகளுக்கு, பள்ளியிலேயே இலவசமாகப் போடத் தொடங்கியது. 1997-க்கு முன் பிறந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்களில் பலர் அந்த வயதுக்காரர்கள். உங்களுக்குச் சோதனைதான் காவல்.

ஸ்காட்லாந்து நாட்டில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். பள்ளியிலிருந்து சம்மதக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். “இந்த ஊசி போட்டா பிள்ளை கெட்டுப்போகும், பிள்ளை பிறக்காது” என்கிற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி ஊசி கிடைக்காது. அவர்களை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போய்க் கேளுங்கள். ஊசி போட்ட பெண்களும் வயது வந்ததும் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை.

ஒரு நாள் சம்பளம் போய்விடுமே?

நியாயமான கேள்வி. கிளினிக் திறக்கிற நேரத்தில்தான் நாம் நிரையில் நிற்கிறோம். முன்போலத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆஸ்பத்திரியும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான் என்றாலும், போய்வருகிற செலவும் போகிற கூலியும் அதைவிடப் பெரியவை.

இதற்கு வழி, தனித்தனியாகப் போவதை விட்டுச் சேர்ந்து ஏற்பாடு செய்வது. நீங்களே மாதிரி எடுக்கிற முறைக்குக் கட்டிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஒரு மறைவான அறையும் ஒரு மிஸியும் போதும். ஆயாக் கொட்டகையிலோ கோயில் மண்டபத்திலோ வேலை முடிந்த பிற்பகலில் செய்துவிடலாம். கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, மாவட்டச் சுகாதார இலாகாவுக்கும் நிர்வாகத்துக்கும் எழுதச் சொல்லுங்கள். ஒருத்தி கேட்டால் பதில் வராது. ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

சிகிச்சை தேவைப்பட்டால் சட்டம் துணை நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவை 2 ஆண்டுக்குக் குறைவானால் 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலுமானால் 22 நாள், சம்பளத்தோடு எம்.சி. லீவு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு. 2023 முதல் இந்த 60 நாள் எம்.சி. கணக்கில் சேராமல் தனியாகக் கிடைக்கிறது. டாக்டர் கொடுக்கிற சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பிடித்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

சகோதரிகளே, கடைசியாக எந்த ஆண்டில் சோதனை செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால் செய்யவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும், தனியாக இருக்கிற அத்தையையும், பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போய்விட்ட மகளையும் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு கார் வாடகை நாலாகப் பிரியும். அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, நாலு பேருமாகப் புறப்படுங்கள்.